துண்டுக்குள்ள ஒம்பது பட்டன்

ஆத்துல அந்தப் பெரிய வெள்ளம் வந்து, எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னு, அப்புறம் வடிஞ்சு சேறு காஞ்சு, செவுத்துல தண்ணி நின்ன கோடு மட்டும் மிச்சம் கெடந்துச்சு பாத்தியளா, அந்தத் தை மாசத்துலதான் எங்க மருமவ பேச்சிக்கு வளைகாப்பு நடந்துச்சு. தேதியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு எல்லாமே இந்த வெள்ளத்துக்கு முந்தி, அந்த வெள்ளத்துக்குப் பிந்தி, செவலப் பசு செனையா நிக்கும்போது, இப்படித்தான்.

அத ஏன் இப்பச் சொல்லுதேன்னா, இன்னைக்குக் காலையில ரேசன் கடைக்குப் போயிருந்தேன். "விரல வைங்க தாத்தா"ன்னு அங்கன இருந்த பிள்ள சொல்லிச்சு. பெருவிரல வச்சேன், மிசினு எடுக்கல. ஆள்காட்டி விரல வச்சேன், எடுக்கல. வேட்டியில துடைச்சுட்டு வச்சேன். பத்து விரலையும் வச்சாச்சு. கடைசியில அந்தப் பிள்ள என் கையத் திருப்பிப் பாத்துட்டு, "உங்களுக்கு ரேகையே இல்லையே தாத்தா"ன்னுச்சு. வரிசையில பின்னால நின்னவன், "அண்ணாச்சி இந்த ஜில்லாவுல உள்ள மாட்டையெல்லாம் தடவித் தடவியே தேச்சுட்டாருவே"ங்கான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சரியாத்தான சொல்லுதான். ஆனா விரலுன்னதும் எனக்குப் பேச்சி ஞாபகம் வந்துட்டு.

நான் மாட்டுத் தரகு பாத்தவன். நாப்பது வருசத்துக்கு மேல அதான் பொழப்பு. பள்ளிக்கூட வாசல மிதிச்சதெல்லாம் ஓட்டுப் போடத்தான். எழுத்து தெரியாது. நம்பர் தெரியும், அதுவும் பஸ்ஸு நம்பர் பாத்துப் பழகுனது. ஆனா மாட்டக் கேளுங்க. ஒரு மாட்ட ஒரு தடவ பாத்துட்டா எனக்கு மறக்காது. நெத்திச் சுழி எங்கன, முதுகுச் சுழி எங்கன, எந்தக் கொம்பு ஒரு விரக்கடை உள்வாங்கிருக்கு, நடக்கும்போது எந்தக் கால முதல்ல எடுத்து வைக்கு, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்கும். பத்து வருசம் கழிச்சு ஒரு கன்னுக்குட்டியப் பாத்து, "இது இன்னாரு வீட்டுப் பசுவோட வழில்லா"ன்னு சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரி சொல்லுவா, "மாட்டு மொகமெல்லாம் ஞாபகம் இருக்கு, கடையில மல்லித்தூளு வாங்கிட்டு வரச் சொன்னது மட்டும் மறந்து போவும்"னு.

செவ்வாக்கிழமையானா மேலப்பாளையம் சந்தை. இப்பவும் புது மூக்கணாங்கயிறு வாடை எங்கயாவது அடிச்சா, எனக்குச் சந்தைக்குள்ள நிக்காப்லயே இருக்கும். சாணி, வைக்கோலு, சுக்குக்காப்பி, வேர்வ, எல்லாம் சேந்து ஒரு வாடை. அங்கன வெலைய வாயால பேசமாட்டோம். சுத்தி ஆயிரம் காது இருக்குல்லா. ரெண்டு பேரு கை மேலயும் ஒரு துண்டப் போட்டுக்கிட்டு, உள்ள விரலப் புடிச்சுப் பேசுவோம். ஒத்த விரலப் புடிச்சா ஒண்ணு. ரெண்டச் சேத்துப் புடிச்சா ரெண்டு. கையோட அள்ளிப் புடிச்சா அஞ்சு. ஒண்ணுன்னா நூறா ஆயிரமான்னு கேக்காதீய, அத மாடே சொல்லிரும். வெளிய நின்னு பாக்கவனுக்கு, ரெண்டு ஆளு கையக் குடுத்துட்டு வானத்தப் பாத்துட்டு நிக்காப்ல இருக்கும். "உங்க ஊருல மழையா?" "எங்கவே பெய்யுது?" இது வெளிப்பேச்சு. துண்டுக்குள்ள வேற பேச்சு ஓடும்.

துண்டுக்குள்ள பேசுனது துண்டோட போவணும். அடுத்தவன் துண்டப் பாக்கக் கூடாது. எழுதி வச்ச சட்டமில்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். ஒரு தரகர் இருந்தாரு, பேரு வேண்டாம், பிள்ளையளு இருக்கு. அவரு கெட்டிக்காரரு. அடுத்தவங்க முழங்கை அசையத வச்சே உள்ள எந்த விரலப் புடிக்காவன்னு சொல்லிருவாரு. அது ஒரு நா வெளிய தெரிஞ்சு போச்சு. யாரும் அவர வையல, அடிக்கல. அடுத்த சந்தையில அவரு துண்டப் போட்டுக்கிட்டுக் கைய நீட்டுதாரு, எதுத்தாப்ல நிக்கவன் கை குடுக்கல. இன்னொருத்தன்ட்ட நீட்டுதாரு, அவனும் குடுக்கல. நீட்டுன கையோட மனுசன் நின்ன நிலை இருக்கே. அதுக்கப்புறம் மூணு சந்தைக்கு வந்தாரு. நாலாவது சந்தைக்கு வரல.

சரி, எங்கயோ போயிட்டேன். பேச்சி கதைக்கு வாரேன்.

பேச்சி பாளையங்கோட்டையில காலேசு படிச்ச பிள்ள. விலங்கியலுன்னு சொல்லுவா. எம் மவன் சுடலைக்கு அவளக் கெட்டி வச்சோம். அவன் கங்கைகொண்டான்ல ஒரு பாக்டரியில சிப்டு வேலை பாக்கான். கல்யாணச் சீருல கட்டில், பீரோ, குத்துவிளக்கு, நிலக்கொடம், அதோட கூட ஒரு கம்ப்யூட்டரும் வந்து எறங்குச்சு. பித்தளை ஏனத்துக்கு நடுவுல அது ஒண்ணு கறுப்பா உக்காந்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரி அதுக்கும் மஞ்சத் தண்ணி தெளிச்சுக் குங்குமம் வச்சா. அந்தக் குங்குமம் ரொம்ப நாளு அதுல ஒட்டிட்டே கெடந்துச்சு.

பட்டாசல்ல, அதான் முன்னறையில, சன்னலோரம் மேசையப் போட்டு அத வச்சாவ. பேச்சி அடுக்களை வேலைய முடிச்சுட்டு அதுல உக்காந்து படிப்பா. வாத்தியார் வேலைக்குப் பரிட்சை இருக்காம், அதுக்குக் குறிப்பு எழுதுதா. எழுதிக்கிட்டே வாய்விட்டு வாசிப்பா. தவளைக்கு இதயத்துல மூணு அறைன்னா ஒரு நா. நான் வெத்தலையப் போட்டுக்கிட்டு இருந்தவன் அப்படியே நிறுத்திட்டேன். தவளைய நான் பொறந்ததுலருந்து பாக்கேன், வயலுல கால வச்சா துள்ளும். அதுக்குள்ள மூணு அறை வச்சு ஒரு வீடு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? "மாட்டுக்கு வயிறு நாலு தாயி"ன்னேன். "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"ன்னு கேட்டா. "அறுத்துப் பாத்தவன் சொன்னான்"னேன். அதையும் எழுதிக்கிட்டா.

ஒரு நா அது முன்னால உக்காந்து என்னமோ அடிச்சா. அப்புறந்தான் அது தொறந்துச்சு. "என்ன தாயி அது?"ன்னு கேட்டேன்.

"பாஸ்வேர்டு மாமா. பூட்டு."

"சாவி எங்க?"

"மனசுலதான் மாமா."

எனக்கு ரெண்டு நாளு தூக்கம் புடிக்கல. பீரோவுக்குச் சாவி இருக்கு. பாங்குல நகை வைக்க இடத்துக்கும் சாவி இருக்கு. கோயில் உண்டியலுக்குக்கூட மூணு பூட்டு, மூணு சாவி. சாவியே இல்லாம ஒரு பூட்டு, அத மனசுல வச்சுக்கிட்டு ஒரு பிள்ள பஸ்ஸுல போவுதா, வாய்க்காலுல குளிக்கா, சட்டிக்குள்ள மீன் குழம்பு வைக்கா. எவனாலயும் அத எடுக்க முடியாது. அவ எழுத்த அடிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டரு டீவியில எழுத்து வராது. கறுப்புப் புள்ளியாத்தான் வரும். ஒரு பட்டன அமுக்குனா ஒரு புள்ளி. அப்ப பொட்டுனு எனக்குப் பிடிபட்டுப் போச்சு. ஓகோ, இது துண்டுல்லா. உள்ள விரலு பேசுது, வெளிய ஒண்ணும் தெரியல. வெள்ளைக்காரனும் நம்ம சந்தைக்கு வந்து பாத்துட்டுத்தான் இத செஞ்சிருக்கான்னு நெனச்சேன். சிரிக்காதீய.

எங்க வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கல. "வாசக் கதவையே பூட்டுனதில்ல, இந்தப் பொட்டிக்குப் பூட்டாம். உள்ள என்ன, மாணிக்கமா இருக்கு?"

"தவளை இருக்கு அத்தை"ன்னா பேச்சி.

வெள்ளம் வந்த அன்னைக்கு, தெருவுல தண்ணி ஏற ஏற, எல்லாரும் அரிசி மூட்டைய எடு, பத்திரத்த எடுன்னு ஓடுதோம். பேச்சி எட்டு மாச வயித்த வச்சுக்கிட்டு, "மாமா, கம்ப்யூட்டர முதல்ல பரண்ல ஏத்துங்க"ன்னு கத்துதா. ஏத்துனேன். அரிசி நனைஞ்சு போச்சு. அவ கையால எழுதுன நோட்டு முப்பதுக்கு மேல கீழ் அலமாரியில இருந்துச்சு, அதுவளும் கூழாப் போச்சு. ரெண்டு வருசத்துப் படிப்பு அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள மட்டுந்தான். வேற எங்கயும் கெடையாது.

இப்ப வளைகாப்புக்கு வாரேன். பொம்பளையளு எல்லாம் வந்து, ரெண்டு கையிலயும் மணிக்கட்டுலருந்து முழங்கை வர கண்ணாடி வளையலா அடுக்கிட்டாவ. பச்ச, செவப்பு. கைய அசைச்சா சலங்கை கெட்டுன மாடு நடந்து வாராப்ல ஒரு சத்தம். புளிச்சோறு, எலுமிச்சச் சோறு எல்லாம் போட்டு, ஆளுவ வெளிய பந்தலுல சாப்பிட்டுட்டு இருக்காவ. அவள அம்மை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ காரு வந்து நிக்கு. ராகுகாலத்துக்கு முந்திக் கெளம்பணும்னு அவ அம்மை பறக்கா. அப்பம் பேச்சி, "ஒரு நிமிசம்"னு சொல்லிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா. பழைய பாஸ்வேர்டு சுடலைக்குத் தெரியும். அவன் கூட்டாளி ஒருத்தன் வந்து அதுல வெளையாடுதேன்னு உக்காந்து என்னத்தையோ அழிச்சுட்டான் ஒரு தடவ. அதனால மாத்தணும்ங்கா.

சுடலை பக்கத்துல வந்து நின்னான். "எனக்குக்கூடச் சொல்லமாட்டியாளா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா உங்க சிப்டுக்கே தெரியும். அங்குட்டுப் போங்க."

அவன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனான். நானும் எந்திரிச்சேன். "நீங்க இருங்க மாமா"ன்னா. சிரிச்சுக்கிட்டே, "உங்களுக்குத்தான் எழுத்து தெரியாதுல்லா"ன்னா.

அந்தப் பிள்ள மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல. எனக்குத்தான் சுருக்குன்னு ஒரு முள்ளு தச்சாப்ல இருந்துச்சு. உக்காந்துட்டேன்.

வயிறு இடிக்கதால அவளால கிட்டப் போய் உக்கார முடியல. எட்டி இருந்துக்கிட்டு, எடது கை சுண்டுவிரலால ஒரு பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, வலது கை ஒத்த விரலால அடிச்சா. வளையல் பாரத்துல கை பையத்தான் நவுந்துச்சு. ஒவ்வொரு தடவ குத்தும்போதும் வளையலு முழங்கைக்குப் போயிட்டு மணிக்கட்டுக்கு வரும். ஒண்ணு, ரெண்டுன்னு ஒம்பது. "இன்னொரு தடவ கேக்கும் மாமா, தப்பா அடிச்சிரக் கூடாதுல்லா"ன்னு திரும்பவும் அடிச்சா. அப்புறம் சரியா விழுந்துச்சான்னு பாக்க மூணாவது தடவ. ஒம்பது பட்டன், மூணு தடவ.

அடுத்தவன் துண்டு அது. நான் திரும்பியிருக்கணும். திரும்பல. கண்ணு கேக்கல. அந்தப் பட்டனெல்லாம் வரப்பு போட்ட வயலு மாதிரி வரிசை வரிசையா இருக்குல்லா. விரலு எந்த வயலுல எறங்குச்சு, அங்கிருந்து எங்க தாண்டுச்சு, எத்தன பட்டன் தள்ளி நின்னுச்சு, எல்லாம் ஒரு மாடு நடந்த தடம் மாதிரி எனக்குள்ள பதிஞ்சு போச்சு. எழுத்து தெரிஞ்சவனா இருந்தா எழுத்த ஞாபகம் வச்சிருப்பான், மறந்துருப்பான். எனக்குத் தடம்லா தெரியுது.

மாசியில பேத்தி பொறந்துட்டான்னு தாக்கல் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் பாக்கப் போயிட்டாவ. செவலப் பசுவுக்குத் தண்ணி காட்ட ஆளு வேணும்னு நான் மட்டும் இருந்தேன். மத்தியானம். வீட்டுல ஈ பறக்க சத்தந்தான். கம்ப்யூட்டரு மேல தூசி படிஞ்சிருக்கேன்னு துண்டால தட்டப் போனேன். தட்டிட்டு வந்திருக்கலாம். எங்கன அமுக்குனா அது முழிக்கும்னு பாத்திருக்கேன், அமுக்குனேன். அது முழிச்சு, பாஸ்வேர்டு கேக்க இடத்துல மினுக்குத கோட்டக் காட்டிட்டு நின்னுச்சு. என் விரலு அதுபாட்டுக்குப் போச்சு. ஒம்பது புள்ளி விழுந்துச்சு. ஓரத்துல உள்ள பெரிய பட்டனத் தட்டுனேன். தொறந்துட்டு.

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. ஒரு வீட்டுக்குள்ள ஆளு இல்லாதப்ப கால வச்சுட்டாப்ல. பெருசா ஒரு தவளைப் படம், வயித்தத் தொறந்து உள்ள இதயம் தெரிய. அதச் சுத்திச் சின்னச் சின்னப் பொட்டி, ஒவ்வொண்ணு கீழயும் எழுத்து. எம்புட்டு எழுத்து. அந்தப் பிள்ள ரெண்டு வருசமா உள்ள கொண்டு போய்ச் சேத்து வச்சது எல்லாம் என் கண்ணு முன்னால இருக்கு, ஒரு எழுத்தக்கூட என்னால வாசிக்க முடியல. பூட்டத் தொறந்துட்டேன், உள்ள போவ முடியல. சாமி சன்னதியில தெரை போட்டிருக்கும்போது நிக்கமே, அப்படி நின்னேன். அப்புறம் எப்படிச் சாத்தன்னு தெரியல. செவுத்துல உள்ள சுவிச்ச அமத்திட்டு வெளிய வந்து பசுகிட்ட நின்னுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்த மேசைப் பக்கமே போகல.

அஞ்சு மாசங் கழிச்சுப் பேச்சி பிள்ளையோட வந்தா. ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிட்டு வந்தோம். பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு, மறுநா காலையில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா. பரிட்சைக்கு இருபது நாளுதான் இருந்துச்சு. இத விட்டா அடுத்தது எப்ப வைப்பாவன்னு அரசாங்கத்துக்கே தெரியாதும்பா.

அடிச்சா. தொறக்கல. இன்னொண்ணு அடிச்சா. தொறக்கல. ஒவ்வொரு தடவயும் கீழ ஒரு வரி வந்து நிக்கும். வாசிக்கத் தெரியாத எனக்கே அது "இல்ல"ன்னு சொல்லுதுன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு மாட்ட அஞ்சு மாசம் விட்டுட்டு வந்தாலும் மோந்து பாத்துக் கழுத்த நீட்டும். இது, ராத்திரி பகலா தன்கிட்ட உக்காந்து கெடந்த பிள்ளைய, நீ யாருன்னு கேக்கு.

"மறந்தா பாக்கதுக்குக் குறிப்புன்னு ஒண்ணு எழுதி வச்சிருப்பியே, அதப் பாரு"ன்னான் சுடலை.

பேச்சி அதத் தட்டிப் பாத்தா. பாத்துட்டு அழுதா. "எப்பவும் போலன்னு எழுதி வச்சிருக்கேன்."

"எது எப்பவும் போல?"

"அதான தெரியல. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கு."

எங்க வீட்டுக்காரி பிள்ளைய ஆட்டிக்கிட்டே, "பிள்ள பெத்தா தாய்க்குப் பாதி புத்தி பிள்ளைக்குப் போயிரும். அதுகிட்ட கேளு"ன்னா. யாரும் சிரிக்கல. பாளையங்கோட்டையில ஒரு கடையில கேட்டுட்டு வந்தான் சுடலை. கொண்டு வாங்க, புதுசாத் தொறந்து தாரேன், ஆனா உள்ள உள்ளது நிக்குமா போயிருமான்னு உறுதி சொல்ல முடியாதுன்னு அந்த ஆளு சொல்லிட்டாராம்.

பேச்சி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. தொட்டில ஒரு கையால ஆட்டிக்கிட்டு, இன்னொரு கை விரல மேசையில தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா. தடம் எங்கிட்ட இருக்கு. சொன்னா அவளுக்குப் படிப்பு கெடைக்கும். சொன்னா, நான் பாத்தேன்னும் தெரிஞ்சு போவும். அந்தத் தரகரு நீட்டுன கையோட நின்னது கண்ணுக்குள்ளயே வந்துச்சு. இந்தப் பிள்ள ஊருல ஒருத்தரையும் நம்பாம, என் முன்னால மட்டுந்தான் அத அடிச்சா.

மூணா நாளு காலையில சுடலை கம்ப்யூட்டரப் போர்வையில சுத்தி வண்டியில கெட்டப் போனான்.

"ஏலே, எறக்கி வை."

"எதுக்குப்பா? கடை தொறந்துருவான்."

"எறக்கி வைலே. வயர எல்லாம் மாட்டு."

எங்க வீட்டுக்காரி அடுக்களையிலருந்து எட்டிப் பாத்தா. "நீங்க என்ன, அதுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கப் போறியளா?"

சுடலை வயர மாட்டிச் சுவிச்சப் போட்டான். அது முழிச்சு அந்தக் கோட்டக் காட்டுச்சு. "பேச்சி, நீ மட்டும் இங்கன வந்து உக்காரு. சுடலை, நீ அந்தப் பக்கம் திரும்பு. நீயும் உள்ள போளா"ன்னு வீட்டுக்காரியையும் அனுப்புனேன். தோளுல கெடந்த துண்ட எடுத்து உதறி, பட்டன் பலகை மேல போட்டேன். கைய உள்ள விட்டேன். கண்ண மூடிக்கிட்டேன்.

எடது சுண்டுவிரல் ஓரத்துக்குப் போய் அமுக்கிப் புடிச்சுச்சு. வலது விரலு எறங்குச்சு. ஒண்ணு. தாண்டுச்சு. ரெண்டு. மேல் வரப்பு. மூணு. திரும்பக் கீழ. நாலு. அஞ்சாவதுக்குப் போறதுக்குள்ள, துண்டுக்குள்ள இன்னொரு கை வந்துச்சு. என் கையப் பைய ஒதுக்குச்சு.

"விடுங்க மாமா. வந்துட்டு."

டப டபன்னு அஞ்சு. தொறந்துட்டு. தவளை வந்துச்சு.

அவ மனசுல இல்ல பாருங்க, கையிலல்லா இருந்துருக்கு. நாலு எட்டு முன்னால ஒருத்தன் நடந்தா போதும், மந்தையில மீதி மாடு தானா வாராப்ல, மீதி அஞ்சும் அவ கையிலருந்து வந்துட்டு. அதுவரைக்கும் அது எங்க போயிருந்துச்சு? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. சுடலை திரும்பாமலே நின்னுக்கிட்டு, "என்னாச்சு, என்னாச்சு"ங்கான். "தொறந்துட்டுலே, திரும்பு"ன்னேன்.

அவன் பிள்ளையத் தூக்கிட்டு அம்மைகிட்டச் சொல்லப் போயிட்டான். பேச்சி கண்ணத் தொடைச்சுட்டு என்னையப் பாத்தா. "அன்னைக்குப் பாத்துட்டா இருந்தீய மாமா?"

"ஆமா தாயி."

"நாலுதான் தெரியுமா, மீதியும் தெரியுமா?"

பைய, யாருக்கும் கேக்காமத்தான் கேட்டா. சந்தையில ஆயிரம் பேரு கண்ணப் பாத்து வெல பேசுனவன் நான். எனக்கு அவ கண்ணப் பாக்க முடியல.

"நாலுதான் தாயி. அதுக்குள்ள உங்க அம்மை கூப்புட்டா, நான் திரும்பிட்டேன்."

"சரி மாமா"ன்னா. அப்பமே உக்காந்து பூட்ட மாத்துனா. மாத்தும்போது என் துண்ட எடுத்துத் தன் கை மேல போட்டுக்கிட்டு, "இப்ப அந்தப் பக்கம் பாருங்க"ன்னு சிரிச்சா. நான் செவுத்தப் பாத்துட்டு நின்னேன். வளையல் சத்தம் இல்ல. பத்து விரலும் ஓடுச்சு. அது எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது.

பரிட்சை எழுதுனா. பாஸாயிட்டா. மலைப் பக்கம், தூரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல போட்டுருக்காவ. சுடலையும் இந்த வேலைய விட்டுட்டு அங்கயே ஒரு வேலை தேடிக்கிட்டான். போவும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் கொண்டு போனா. அங்கன போயி அது கெட்டுப் போச்சாம், எடைக்குப் போட்டுட்டோம் மாமான்னா போன்ல. இப்பப் புதுசுக்குப் பட்டனெல்லாம் அமுக்க வேண்டாமாம், மொகத்தக் காட்டுனா தொறந்துக்கிடுமாம். மேலப்பாளையம் சந்தைக்குப் போன மாசம் போயிருந்தேன். மாட்டப் போட்டோ புடிச்சு அனுப்பிட்டு, வெலையப் போன்ல சத்தமாச் சொல்லுதானுவ. துண்டு இருக்கு, தோளுல, வேர்வ தொடைக்க. அவ மேசை கெடந்த சன்னலோரத்துல இப்ப அரிசி டிரம்மு இருக்கு. அந்த ஒம்பது பட்டனுக்கு இந்த ஒலகத்துல தொறக்கதுக்கு இனி ஒண்ணும் கெடையாது. அது எதுன்னு உங்ககிட்டயும் சொல்லமாட்டேன்.

ஞாயித்துக்கிழமையானா பேச்சி போன் போடுவா. பிள்ளைய விட்டுப் பேசச் சொல்லுவா. ஒவ்வொரு வாரமும் சொல்லிரணும்னு நெனைப்பேன். "மாமா, சாப்பிட்டீயளா?"ன்னு அவ கேட்டதும் "சாப்பிட்டேன் தாயி"ங்கதோட நின்னுரும். வச்சிருவா.

நீங்க அங்கிட்டு இங்கிட்டுப் போய் வார ஆளு. அந்த மலைப் பக்கம் போனா பள்ளிக்கூடத்துல தவளைப் பாடம் எடுக்க பேச்சி டீச்சர்னு கேளுங்க, காட்டுவாவ. நாலு பேரு முன்னால வேண்டாம், தனியாக் கூப்புட்டுப் பைய சொல்லுங்க. மாமாவுக்கு மீதி அஞ்சும் தெரியுமாம். பேத்தி பொறந்த மத்தியானம் ஒரே ஒரு தடவ தொறந்தாராம், வாசிக்கத் தெரியாம சாத்திட்டாராம். இத மட்டும் சொல்லிருங்க. அவ என்ன சொன்னான்னு எனக்கு வந்து சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை போன் அடிக்காளான்னு பாத்துக்கிடுதேன்.